திகதி இல்லாத முறிவு

விழவில்லை.
எவரும் அடிக்கவில்லை.
முரசுமோட்டையில் இதை ஒருவரும் நம்புகிறார்களில்லை:
எங்கள் பக்கம் முறிந்த எலும்புக்கெல்லாம்
ஒரு திகதி இருக்கும்,
இடம் இருக்கும்,
சிலதுக்கு மணியும் நிமிசமும்.

எனக்கு நாரியில்,
ஐந்தாம் முள்ளெலும்பின் இடப்பக்கம்,
மயிரிழை வெடிப்பு.
"சைக்கிள் கம்பியை ஒரே இடத்தில
வளைச்சு நிமிர்த்தி, வளைச்சு நிமிர்த்திப் பாரும்,
கடைசியில என்ன ஆகும்?" என்றார் டொக்டர்.
ஆறாயிரம் பந்து போட்டிருப்பேன், ஏழாயிரமோ.
எந்தப் பந்தில் என்று எலும்பு சொல்லவில்லை.

யாழ்ப்பாணம். ஸ்கான் அறை வாசல்.
உடம்பில் இரும்பு ஏதும் இருக்கா?
இல்லை என்றேன்.
உள்ளுக்குக் கூட வாற ஆளும் சொல்லவேணும்.
அம்மா கைப்பை வாரைத் திருகினாள்.
"ரெண்டு.
ஒண்டு விலாவுக்குக் கீழ,
மற்றது எங்க எண்டு அவைக்கே தெரியேல்லை."
அவளை வெளி வாங்கில் இருத்திவிட்டார்கள்.

குழாய்க்குள் அரை மணித்தியாலம்
படபடவென்று தட்டியது.
வாங்கு வரைக்கும் கேட்டிருக்கும்.
அந்தச் சத்தத்தைப் பற்றி
நாங்கள் இன்னும் கதைக்கவில்லை.

அதற்கு முதல் ஆறு மாதம் பெல்ட்.
பங்குனி சித்திரை வெயிலில் ஆமையோடு.
கணக்குப் பாடத்துக்குக் கடைசி வாங்கின் பின்னால்
நின்றபடி எழுதினேன்.
ஒட்டவில்லை.
வெடிப்பின் விளிம்புகள் வெள்ளைப்பட்டு மழுங்கிவிட்டன,
இனித் தானாக ஒட்டாதாம்.

கிளினிக் துண்டின் பின்பக்கம் டொக்டர் கீறினார்.
வெடிப்புக்குக் குறுக்கே ஒரு ஆணி.
இடுப்பெலும்பில் ஒரு சிட்டிகை சுரண்டி
இடைவெளியில் அடைவது.
ஆணி பிடிக்காட்டில் கொளுக்கியும் கம்பியும்.
மூட்டு அசையும். ஒரு வருசம் போகும்.
பந்து?
"பொய் சொல்லமாட்டன். கனபேர் திரும்பிப் போட்டிருக்கினம்.
எல்லாரும் இல்லை."

அதுக்குக் கீழே இன்னொரு படம்:
ஐந்தாவதை அடியெலும்போடு சேர்த்து இறுக்கிவிடுவது.
நோ குறையும், அந்த இடத்து வளைவும் போகும்.
எலும்பு முன்னுக்கு வழுக்கினவைக்கு அது.
"உமக்கு வழுக்கேல்லை" என்று
தானே அதன் மேல் கோடிழுத்தார்.

மூன்றாவதற்குப் படமே இல்லை.
விடலாம்.
வெடிப்போடே வயல் செய்து பிள்ளை பெத்து
தெரியாமலே இருக்கிறவை எத்தினை பேர்.
வேகப்பந்தை மட்டும் மறக்கவேணும்.
மட்டும்.

அம்மா ஒன்றைத்தான் கேட்டாள்:
"போடுற ஆணியைப் பிறகு எடுப்பியளோ?"
தேவையில்லை அம்மா, அது உள்ளுக்கே இருக்கலாம்.
அம்மா சிரித்துவிட்டாள்.
"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை."
டொக்டர் பேனையை மூடினார். பிறகு திறந்தார்.

பஸ்ஸில் ரெஜினோல்ட் சேரின் அழைப்பு.
மாகாணத் தெரிவு ஆவணியில்,
என்று தொடங்கினவர்
மழை பற்றிக் கேட்டுவிட்டு வைத்தார்.
ஆனையிறவில் உப்பு குவிந்து கிடந்தது.
"எது எண்டு நீ சொல்லு. முதுகு உன்ர."
"கையெழுத்து உங்கட."
பரந்தன் வரைக்கும் அவ்வளவுதான்.

இரவு லைற் அணைத்த பிறகு
அம்மாவின் விரல் என் இடுப்பெலும்பில்.
"இதிலயோ சுரண்டுவினம்?"
"மற்றப் பக்கமாயும் இருக்கும்."
விரல் மற்றப் பக்கம் போனது.
கேட்காத இரும்பு இரண்டு அவளிடம்.
கேட்டு, படம் கீறி, திகதி தந்து
வரப்போவது எனக்கு.
வைகாசி பதினெட்டு என்றார்கள்.
அம்மா வேறு நாள் கேட்டு வாங்கினாள்,
காரணம் சொல்லாமல்.

என் ஓட்டம் பதினெட்டு எட்டு.
கூரைத் தகரத்தைப் பார்த்தபடி எண்ணுகிறேன்.
பதினாறு. பதினேழு.
இடங்காலை ஊன்றுகிற அடுத்ததை
இன்னும் வைக்கவில்லை.
திரும்பி நடந்து,
தொடக்கக் கோட்டிலிருந்து
மறுபடி.